ஓடைக்குக் கொடுக்கும் குரல்

ஓடைமேட்டுக் காலனி,
கவரைப்பேட்டை வழி
14-12-2024

கூடப் பிறந்த தேசப்பனுக்கு அக்கா சின்னப்பொண்ணு எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூச்சும் சோறுமாக இருக்கிறோம். நீ படுக்கிற இடம் காய்ந்து கிடக்கிறதா, மழையில் பிடித்த இருமல் விட்டதா, அதை முதலில் எழுது.

நான் கடுதாசி எழுதி முப்பது வருஷம் ஆகிறது. அறிவொளி வகுப்பில் எழுத்துக் கற்றுக்கொண்ட சூட்டில், எங்கள் தெருவுக்கு விளக்கு வேண்டும் என்று கலெக்டருக்கு ஒன்று எழுதினேன். பதினோரு வருஷம் கழித்து விளக்கு வந்தது. ஆகவே என் எழுத்து போய்ச் சேரும், கொஞ்சம் நேரம் ஆகும், அவ்வளவுதான். ஜெயில் போனில் பேச உன் கணக்கில் உன் சம்சாரம் மோனிகா நம்பரையும் வக்கீல் நம்பரையும்தான் சேர்த்திருக்கிறார்களாம். அதனால்தான் இந்தக் காகிதம்.

தண்ணீர் வடிந்து இரண்டு வாரம் ஆகியும் வீட்டில் சேற்று நாற்றம் போகவில்லை. உன் மாமாவுக்கு மில்லில் ஒடிந்த கால் இன்னும் கம்பியோடுதான் இருக்கிறது. கட்டில் கயிறு ஊறி அழுகிவிட்டதால் புதுக் கயிறு வாங்கி நானே பின்னினேன். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, “இந்தப் பக்கம் தொய்யுது, அந்தப் பக்கம் தொய்யுது”ன்னு மேஸ்திரி வேலை பார்த்தார். “நீ வந்து பின்னேன்”னு சொன்னேன். அப்புறம் வாயைத் திறக்கவில்லை.

ஊரில் உன் பேச்சுதான். கம்பெனிக்காரன் ஓடைக்குக் குறுக்கே காம்பவுண்டு சுவர் எழுப்பி நான்கு வருஷம் ஆகிறது, நாம் எத்தனை மனு கொடுத்தோம், ஒருத்தன் வந்து எட்டிப் பார்க்கவில்லை. வெள்ளத்தன்றைக்கு நீ ஓட்டுகிற ஜேசிபியைக் கொண்டுவந்து அந்தச் சுவரை இடித்ததால்தான் நாற்பது வீடு நிற்கிறது என்று மணியம்மாள் பால்காரனைக்கூட நிறுத்திச் சொல்கிறாள். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளத்தில் இருந்த வாட்ச்மேன் முனிரத்தினம் பேச்சு வந்தால், அவளும் முந்தானையை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள்.

வேளைக்குச் சாப்பிடு. உன் மாமாவும் கேட்டதாக எழுதச் சொன்னார்.

அக்கா சின்னப்பொண்ணு


புழல்
2-1-2025

அக்காவுக்கு தேசப்பன். இருமல் விட்டது. மாமா காலை வெயிலில் காட்டு.

இங்கே வருகிற கடிதம், போகிற கடிதம் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். அதைத் தெரிந்துகொண்டு எழுது.

கேஸ் இதுதான். சுவரை இடித்தது ஒன்று. அதைவிடப் பெரியது, எச்சரிக்கை கொடுக்காமல் இடித்து ஒரு ஆள் செத்தது. ஓடையில் தண்ணீர் விடுமுன் மூன்று குரல் கொடுக்கிற வழக்கம் நம்முடையது, நான் மூன்றும் கொடுத்தேன் என்று சொல்லியிருக்கிறேன். காலனியில் மற்றவர்கள் எல்லாரும் ஸ்கூல் கட்டடத்துக்குப் போய்விட்டார்கள். மாமாவைத் தூக்க முடியாமல் நீ ஒருத்திதான் அங்கே இருந்தாய். அதனால் போலீஸே உன்னைச் சாட்சியாகப் போட்டிருக்கிறது.

உன் வீட்டுக்கும் நான் நின்ற இடத்துக்கும் நூறடி. உனக்கு மூன்றும் கேட்டிருக்கும்.

அரசாங்கத்தில் கொடுத்த வக்கீல் அம்மா ஜோதிலட்சுமி உன்னைப் பார்க்க வருவார். நீயும் ஒருநாள் மோனிகாவோடு மனு போட்டு என்னைப் பார்க்க வா.

தம்பி


ஓடைமேட்டுக் காலனி
21-1-2025

தம்பிக்கு அக்கா. பொங்கல் அன்று உன் பங்கை ஒரு இலையில் வைத்தேன். வைத்துத் திரும்புவதற்குள் மணியம்மாள் வீட்டு ஆடு வந்து தின்றுவிட்டது. திட்டினேன். மணியம்மாளோ, “உங்க தம்பி பேரைச் சொல்லி வெச்சதைத் துன்னுச்சு, இனிமே அதை நான் விக்கமாட்டேன்”னு நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டாள். இப்போது அது தெருவில் பெரிய மனுசன் மாதிரி நடக்கிறது.

வக்கீல் அம்மா வந்தார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்து வந்தார். நல்ல பெண். உட்கார்ந்ததும், “அது இன்னாம்மா மூணு குரல்? எனக்கு வெளங்குற மாதிரி சொல்லுங்க”ன்னு கேட்டார்.

எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். ஏரி மதகைத் திறக்கிறவன் முதலில் ஓடையைப் பார்த்துக் குரல் கொடுக்கணும், “தண்ணி வருதோய்”னு. முதல் குரல் மனுசனுக்கு. கொஞ்சம் நிறுத்தி இரண்டாவது, ஆடு மாட்டுக்கு. இன்னும் நிறுத்தி மூன்றாவது, பேர் தெரியாத உயிர்களுக்கு. ஓடைக் கரையில் இருக்கிற ஒருத்தர், யாராக இருந்தாலும் சரி, இறங்கிப் பார்த்துவிட்டு, “வரட்டும்”னு பதில் சொல்லணும். பதில் வந்த பிறகுதான் மதகு திறக்கும்.

மணியக்காரர் கதையையும் சொன்னேன். அவர் தெருவில் நம் அப்பா செருப்புப் போட்டு நடக்க முடியாது. ஆனால் அவர் வயலுக்குத் தண்ணீர் பாய, ஓடையில் புல் அறுத்துக்கொண்டிருக்கிற நம் அம்மா “வரட்டும்” சொல்லணும். சொல்கிறவரைக்கும் மணியக்காரர் குடையைப் பிடித்துக்கொண்டு மதகடியில் நிற்பார். பயிர் காய்ந்தாலும் நிற்பார். ஒருநாள் அம்மா புல்கட்டைக் கட்டி, தலையில் தூக்கி, நிதானமாக மேலே ஏறி வந்துதான் சொன்னாளாம். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மற்ற எல்லாவற்றிலும் ஒருத்தர் மேலே ஒருத்தர் கீழே. இதில் மட்டும் கிடையாது. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. பசித்தால் அழுகிற மாதிரி அது இருந்தது.

வக்கீல் அம்மா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, “சட்டத்துல குரல் குடுக்கணும்னு எங்கயும் இல்ல. ஆனா ஜட்ஜ் எச்சரிக்கை குடுத்தானான்னுதான் பாப்பாரு. அதனால இது ரொம்ப முக்கியம்”னார். பிறகு, “அன்னிக்கு யாரு பதில் சொன்னது?”ன்னு கேட்டார்.

அடுப்பில் டீ பொங்கிற்று. எழுந்து போனேன். திரும்பி வந்தபோது அவருக்கு போன் வந்து பேசிக்கொண்டிருந்தார்.

உன்னைப் பார்க்க வருகிறேன். முட்டி வலி கொஞ்சம் விடட்டும்.

அக்கா


புழல்
10-2-2025

அக்காவுக்கு. நலம்தான்.

ஜாமீன் கிடைக்கவில்லை. உயிர் போன கேஸ், வெளியே வந்தால் சாட்சியைக் கலைப்பான் என்று சொல்லி மறுத்துவிட்டார்கள்.

பதில் சொல்கிற வழக்கத்தையெல்லாம் வக்கீல் அம்மாவிடம் ஏன் சொன்னாய்? கேஸுக்கு அது தேவையில்லை. குரல் மட்டும் போதும். நீ மூன்றும் கேட்டாய். அதற்கு மேலே ஒரு வார்த்தை வேண்டாம்.

முட்டிக்கு வேப்பெண்ணெய் போடு.

தேசப்பன்


ஓடைமேட்டுக் காலனி
17-3-2025

அன்பான தம்பிக்கு. நீ எழுதியபடி எண்ணெய் போட்டேன். முட்டி பரவாயில்லை. உன் மாமா கோலை ஊன்றி வாசல் வரைக்கும் நடக்கிறார். ஊன்றுகிற சத்தம் ஊருக்கே கேட்கிறது, ஆளைவிடக் கோல்தான் முன்னால் போகிறது.

மோனிகா வந்தாள். எப்போதும் வாசலில் நின்றே பேசிவிட்டுப் போகிறவள், இந்தத் தடவை கட்டிலில் உட்கார்ந்தாள்.

“அண்ணி, நேராவே கேக்குறேன். கோர்ட்ல மூணு குரல் கேட்டுச்சுன்னு சொல்லுவீங்களா, மாட்டீங்களா?”

“கேட்டதைச் சொல்லுவேம்மா.”

“கேட்டதுன்னா எத்தினி?”

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அண்ணி, பிரின்சியைப் பொண்ணு பாக்க பொன்னேரியிலேர்ந்து வரேன்னுக்கினு இருக்காங்க. அப்பா எங்கன்னு கேட்டா நான் இன்னா சொல்றது? நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவரு ஊட்டுக்கு வந்துருவாரு.”

பிரின்சி என் மடியில் வளர்ந்தவள். அது உனக்குத் தெரியும். நான் எழுதத் தேவையில்லை.

மறுநாள் வார்டு மெம்பர் சந்திரமோகன் வந்தார். அவர் எப்படிப் பேசுவார் என்று உனக்குத் தெரியும், மைக் இல்லாவிட்டாலும் மைக் பிடித்த மாதிரிதான். “அக்கா, தண்ணி போற வழியை மறிச்சு செவுரு கட்டினானே, அவன் மேல கேஸு கீதா? அவன் எந்த ஓடையைக் கேட்டுக் கட்டினான்? பொறந்ததுலேர்ந்து தண்ணி பள்ளத்துக்குத்தான் போவும். அதைத் தடுத்தவன் ஏசி ரூம்ல குந்திக்கினு கீறான். தொறந்துவுட்டவன் ஜெயில்ல கீறான். இதுல நீ மூணுன்னு சொன்னா இன்னா குத்தம்?”

அவர் சொன்னதில் பொய் இல்லை, தம்பி. இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சுவர் அவர்கள் செய்த தப்பு. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் முனிரத்தினம் சுவர் கட்டவில்லையே. அவர் சம்பளத்துக்கு அங்கே நின்றவர்.

இதை எழுதலாமா வேண்டாமா என்று பார்த்தேன். எழுதிவிடுகிறேன். போன வெள்ளிக்கிழமை ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். இடிந்த சுவர்கிட்டே ரொம்ப நேரம் நின்றாள். பிறகு என் வாசலுக்கு வந்து தண்ணீர் கேட்டாள். முனிரத்தினம் சம்சாரம், பேர் நந்தினி. நான் உனக்கு அக்கா என்று அவளுக்குத் தெரியாது.

“இங்கதானாங்க?”ன்னு கேட்டாள். ஆமாம் என்றேன்.

“அவரு தண்ணின்னா பயந்த ஆளு. எங்க நைனா கெணத்துல நீச்சல் கத்துத்தரேன்னு கூப்ட்டா, ஊரை வுட்டே ஓடிப்போவாரு. பள்ளத்துல நிறுத்துன வண்டிங்களை மேல ஏத்தச் சொன்னாங்கன்னு எறங்கியிருக்காரு. தண்ணி வருதுன்னு யாராச்சும் ஒழுங்கா கத்தியிருந்தா மொதல்ல ஏறினவரு அவராத்தான் இருந்திருப்பாரு.”

மதியம் ஆகிவிட்டது. சோறு போட்டேன். கருவாட்டுக் குழம்பு. தின்றாள். இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லித் தின்றாள். என் கையால் போட்டது, தம்பி. அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


புழல்
3-4-2025

அக்காவுக்கு. அந்தப் பெண்ணை இனி வீட்டுக்குள் விடாதே. கம்பெனி வக்கீல் அனுப்பியிருந்தாலும் அனுப்பியிருப்பான்.

பிரின்சியைப் பார்க்க ஜூன் மாதம் வருகிறார்களாம். அதற்குள் நான் வெளியே வர வேண்டும். நீ இவ்வளவு நீளம் எழுதுகிறாய், ஆடு, கோல், கருவாடு எல்லாம் எழுதுகிறாய். மூன்று என்ற ஒரு வார்த்தையை எழுதமாட்டேன் என்கிறாய். வரவும் மாட்டேன் என்கிறாய். ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். என் முகத்தைப் பார்த்தால் இல்லை என்று சொல்ல உனக்கு வாய் வராது.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

தேசப்பன்


ஓடைமேட்டுக் காலனி
22-4-2025

தம்பி தேசப்பனுக்கு,

நீ சொன்னது சரி. முட்டி எப்போதோ சரியாகிவிட்டது.

பிரித்துப் படிக்கிறவர்களும் இதைப் படிக்கட்டும். அவர்களும் வீட்டில் அக்கா தம்பியோடு பிறந்தவர்கள்தானே.

அன்று காலை பத்து மணி இருக்கும். தண்ணீர் கட்டில் கால் அளவு வந்து, அப்புறம் கயிறு அளவு வந்தது. உன் மாமா, “நீ போடி, என்னை வுட்டுட்டுப் போ”ன்னு கத்துகிறார். அவர் தோளைப் பிடித்து நிமிர்த்தி வைத்துக்கொண்டு நின்றேன். வெளியே ஜேசிபி சத்தம் கேட்டது. பிறகு சத்தம் நின்றது. நீதான் என்று தெரிந்துகொண்டேன். வேறு யாரும் என்ஜினை நிறுத்திவிட்டுக் குரல் கொடுக்கமாட்டார்கள்.

“தண்ணி வருதோய்”னு கேட்டது. ஒரு தடவை.

நான் வெளியே போகவில்லை. ஓடையை எட்டிப் பார்க்கவில்லை. பள்ளத்தில் யார் இருக்கிறார், என்ன இருக்கிறது, ஒன்றையும் நினைக்கவில்லை. உன் மாமா இடுப்புக்குத் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. “வரட்டும்”னு நான்தான் கத்தினேன். நீ இரண்டாவது குரல் கொடுக்குமுன் கத்தினேன். சுவர் விழுகிற சத்தம் கேட்டது. அரை மணி நேரத்தில் தண்ணீர் கட்டிலை விட்டு இறங்கியது. நான் கும்பிட்டேன், தம்பி. முனிரத்தினம் அந்தப் பக்கம் கிடக்கிற நேரத்தில் நான் இந்தப் பக்கம் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அது உனக்குக் கேட்டதா இல்லையா என்று ஐந்து மாதமாக நீ எழுதவில்லை. நானும் எழுதவில்லை. உனக்குக் கேட்டது. கேட்காமல் நீ இடித்திருக்கமாட்டாய். என் பேர் கேஸில் வரக் கூடாது என்றுதான் பதில் பேச்சே வேண்டாம் என்கிறாய். அது எனக்கு விளங்குகிறது. ஆனால் நான் மூன்று என்று சொன்னால் ஒரு பொய் சொல்லி இரண்டு பேரைக் காப்பாற்றிக்கொள்கிறேன். அதில் ஒருத்தி நான். அதுதான் எனக்கு முடியவில்லை.

உன் ஒருத்தனுக்காக என்றால் ஒருவேளை சொல்லியிருப்பேனோ என்னவோ. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

கோர்ட்டில் நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன். கோபம் வரும். வரட்டும். சாப்பாட்டை மட்டும் நிறுத்தாதே.

அக்கா


ஓடைமேட்டுக் காலனி
12-6-2025

தம்பிக்கு. என் கடுதாசி போய் ஏழு வாரம் ஆகிறது, உன்னிடமிருந்து காகிதம் இல்லை. மோனிகா தெருவில் பார்த்தால் பிள்ளையார் கோயில் சந்தில் திரும்பிவிடுகிறாள். பொன்னேரிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்களாம், யோசித்துச் சொல்கிறோம் என்றார்களாம். இதை மணியம்மாள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

இந்த மாதம் 26ஆம் தேதி கோர்ட்டுக்கு வரச் சொல்லி ஓலை வந்திருக்கிறது. நீ நன்றாக இருந்தால் அதுவே போதும்.

அக்கா


ஓடைமேட்டுக் காலனி
29-6-2025

தம்பி தேசப்பனுக்கு,

கூண்டுக்கு அந்தப் பக்கம் நீ நின்றாய், இந்தப் பக்கம் நான் நின்றேன். ஏழு மாதம் கழித்து உன்னைப் பார்த்தது அப்படித்தான். நீ மெலிந்துவிட்டாய். என்னை ஒரு தடவைதான் பார்த்தாய், அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டாய். என் பேச்சு உனக்குச் சரியாகக் கேட்டிருக்குமோ என்னவோ, மேலே ஃபேன் அவ்வளவு சத்தம். அதனால் எழுதுகிறேன்.

விடியற்காலையிலேயே கிளம்பி, ரயில் மாறித் திருவள்ளூரில் இறங்கினேன். கோர்ட்டு பத்தரைக்குத்தான். வீரராகவர் குளத்துப் படியில் போய் உட்கார்ந்தேன். ஒரு குடும்பம் நோய் தீர வெல்லத்தைத் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தது. மீன்கள் மொய்த்தன. அந்த அம்மாள் என் கையிலும் ஒரு கட்டி கொடுத்து, “நீங்களும் ஏதாவது நெனச்சுண்டு போடுங்கோ, நல்லபடியா கரைஞ்சுடும்”னார். நல்ல மனசு. நான் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். போடவில்லை. நான் சுமக்கிறது கரைந்து போனால் நன்றாக இருக்காது என்று தோன்றிற்று. ரயிலில் வரும்போது தின்றுவிட்டேன்.

போலீஸ் பக்கத்து அரசாங்க வக்கீல், எத்தனை குரல் கேட்டீங்கன்னு கேட்டார். ஒன்று என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம். உட்காரப் போனார். “அய்யா, இன்னும் முடியலைங்க”ன்னு சொன்னேன். ஜோதிலட்சுமி அம்மா என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நான் ஜட்ஜைப் பார்த்துச் சொல்லிவிட்டேன்: பதில் சொன்னது நான், இறங்கிப் பார்க்காமல் சொன்னேன், அதை நம்பித்தான் அவன் இடித்தான்.

ஜட்ஜ் பேனாவைக் கீழே வைத்தார். “இந்த மூணு குரல், பதில், இதெல்லாம் எங்க எழுதியிருக்கு?”

“எழுதலைங்கய்யா. எழுதி வெக்கிற அளவுக்கு அதை யாரும் மீறினதில்லீங்க.”

“சரி, பதில் சொல்றவங்க பாக்காம சொன்னா அதுக்கு என்ன தண்டனை?”

“தண்டனைன்னு ஒண்ணும் கெடையாதுங்க. பாக்காம யாரும் சொன்னதில்லீங்க.”

அவர் பேனாவைத் திரும்ப எடுத்தார். பிறகு டைப் அடிக்கிறவரிடம் மெதுவாகச் சொல்லிச் சொல்லி எழுதவைத்தார். “உங்க மேல போட எந்தப் பிரிவும் இல்லம்மா, நீங்க போகலாம்”னார். போகலாம் என்று சொல்லிவிட்டார், தம்பி. எனக்கு எங்கே போவது என்று தெரியவில்லை. படி இறங்கி வந்தேன், ஜோதிலட்சுமி அம்மா பின்னாலேயே வந்து, “உங்க தம்பி கேஸைக் கெடுத்துட்டீங்க”ன்னார். திட்டுகிற மாதிரி ஆரம்பித்தார், முடிக்கும்போது குரல் வேறு மாதிரி ஆகிவிட்டது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட நடந்து வந்தார்.

பின் பெஞ்சில் நந்தினி உட்கார்ந்திருந்தாள். நான் யார் என்று அன்றுதான் தெரிந்துகொண்டாள்.

மாமா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார். இல்லை, அவர் கேட்கவில்லை. கோர்ட்டிலிருந்து வந்ததிலிருந்து என்னோடு பேசவே இல்லை. அவர் உயிரோடு இருப்பதைக் குற்றம் ஆக்கிவிட்டேனாம்.

அக்கா


ஓடைமேட்டுக் காலனி
5-8-2025

தம்பிக்கு. நீ எழுதாவிட்டாலும் எழுதிக்கொண்டுதான் இருப்பேன். கலெக்டரும் பதினோரு வருஷம் எழுதவில்லை. மாமா பேச ஆரம்பித்துவிட்டார், “உப்பு இல்ல”ன்னு. அது போதும்.

நேற்று நந்தினி வந்தாள். ஆட்டோவை நிற்கவைத்துவிட்டு இறங்கினாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. காபி வைத்தேன், தொடவில்லை.

“அன்னிக்கு எனக்கு சோறு போட்டீங்களே, அப்பவே தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும்.”

“சொல்லாம போட்டீங்க.”

“ஆமா.”

ஓடைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு கேட்டாள். “நீங்க எறங்கி பாத்திருந்தா அவரு தெரிஞ்சிருப்பாரா?”

“தெரிஞ்சிருப்பாரு.”

“தெரிஞ்சா இன்னா பண்ணியிருப்பீங்க?”

“ஆளு கீது, இருன்னு கத்தியிருப்பேன். அவரு ஏறினப்புறம் வரட்டும்னு சொல்லியிருப்பேன்.”

“ஏற எவ்ளோ நேரம் ஆவும்?”

“ஒரு நிமிஷம் ஆவும்.”

“அந்த ஒரு நிமிஷத்துல உங்க ஊட்டுக்காரரு முழுவியிருப்பாரா?”

உன் மாமா கட்டிலில் இருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை வைத்துக்கொண்டே சொன்னேன். “முழுவியிருக்க மாட்டாரு.”

அவள் அழவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள், கடைக்காரன் சொன்ன விலையை ஒத்துக்கொள்கிற மாதிரி. ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள். காபியில் ஆடை கட்டியது. எடுத்து ஊற்ற எனக்கு மனசு வரவில்லை, ரொம்ப நேரம் அப்படியே இருந்தது.

இதை உனக்குச் சொல்லி ஆறுதல் கேட்கவில்லை. சொல்ல வேறு ஆள் இல்லை.

அக்கா


புழல்
22-8-2025

அக்காவுக்கு தேசப்பன் எழுதுவது. உடம்பு பரவாயில்லை. உன் கடிதம் எல்லாம் வந்தது. எல்லாவற்றையும் வைத்திருக்கிறேன்.

முந்தாநாள் என் முறை வந்தது. சாட்சிகள் சொன்னதற்கு நான் என்ன சொல்கிறேன் என்று ஒவ்வொன்றாகப் படித்துக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும், “பொய், எனக்குத் தெரியாது”ன்னு சொல்ல வேண்டும் என்று வக்கீல் அம்மா சொல்லிக் கொடுத்திருந்தார். உன் சாட்சி வந்தது.

“உங்க அக்கா சொன்னதைப் பத்தி என்ன சொல்றே?”ன்னு ஜட்ஜ் கேட்டார்.

“நெசங்கய்யா. ஆனா முழுசு இல்லீங்க. அவங்களுக்குத் தெரியாதது ஒண்ணு கீது”ன்னு சொன்னேன்.

அதை உனக்கும் எழுதுகிறேன். நான் என்ஜினை நிறுத்தி ஒரு குரல் கொடுத்தேன். உன் பதில் வந்தது. ஆனால் அது ஓடைக் கரையிலிருந்து வரவில்லை, அக்கா. கூரைக்குக் கீழேயிருந்து வந்தது. வெட்டவெளியில் கத்துகிற குரல் எப்படி இருக்கும், வீட்டுக்குள்ளிருந்து கத்துகிற குரல் எப்படி இருக்கும் என்று தெரியாதவனா நான்? நீ இறங்கவில்லை, பார்க்கவில்லை என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. இன்னொரு குரல் கொடுத்திருக்கலாம். நானே இருபதடி நடந்து சுவர்மேல் எட்டிப் பார்த்திருக்கலாம். பதில்தான் வந்துவிட்டதே என்று எனக்கே சொல்லிக்கொண்டு லீவரை இழுத்தேன்.

மூன்று குரல், மூன்று குரல் என்று இத்தனை மாதம் நான் கத்தியது அதற்காகத்தான். உன்னை மறைப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். நான் மறைத்தது என்னை.

வக்கீல் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். மூன்று வருஷத்துக்குக் குறையாது என்கிறார். தீர்ப்பு அடுத்த மாதம். மோனிகாவிடம் எல்லாவற்றையும் போனில் சொன்னேன். அவள், “அண்ணி கிட்ட பேசாம வுட்டுட்டேனே”ன்னாள். உன் வீட்டுக்கு வருவாள். பொன்னேரிக்காரர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பிரின்சி, “நல்லதாப் போச்சு, அந்த ஆளு மூக்கு எனக்குப் புடிக்கலை”ன்னு சொன்னாளாம். எனக்காகச் சொன்னாளா, நிஜமாகவே மூக்கா என்று தெரியவில்லை.

நீ நந்தினியிடம் ஒருதடவை போய் வர வேண்டும். அந்த ஒரு நிமிஷம் உன் கையில் மட்டும் இல்லை, என் கையிலும் இருந்தது, தெரிந்தே விட்டேன் என்று சொல். உட்காரச் சொல்லமாட்டாள். நின்றுகொண்டே சொல்லிவிட்டு வா.

நான்கு மாதம் உனக்கு எழுதவில்லை. கோபம்தான். என்னைக் காப்பாற்றவில்லை என்ற கோபம் என்றுதான் நானும் நினைத்தேன். கோர்ட்டில் உன்னைப் பார்த்த அன்று, நீ பேசப் பேச எனக்கு வந்தது வேறு கோபம். சொல்ல வேண்டியவன் நான். எனக்கு முன்னால் நீ சொல்லிவிட்டாய்.

தம்பி
தேசப்பன்